பாலத்தைத் தகர்க்க வந்தவனுக்கு மூன்று நாளில் காதலா?

தூங்காநகரான் — பிப்ரவரி 2, இரவு 10.15

ஹெமிங்வேயின் ‘ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்’ இப்போதுதான் முடித்தேன். 1937, ஸ்பெயின் உள்நாட்டுப் போர், எதிரி எல்லைக்குள்ளே குவாதராமா மலையில் ஒரு இரும்புப் பாலம், குடியரசுப் படைக்காக அதைத் தகர்க்க வரும் அமெரிக்கன் ராபர்ட் ஜோர்டான். ஆள் கம்மி, நேரம் கம்மி, குகையில் ஒளிந்து கூட இருக்கும் கெரில்லாக்களில் ஒருத்தன் நம்பிக்கைத் துரோகி. திரில்லராகப் பிரமாதம். ஆனால் நடுவில் அந்த மரியா எதற்கு? ஆள் சரியான அழுத்தக்காரன். பெண்களுக்கெல்லாம் நேரமில்லை என்று தளபதியிடமே சொல்லிவிட்டு வருகிறான். குகைக்கு வந்து சேர்ந்த முதல் ராத்திரியே காதல். பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இது நடக்கிற காரியமா? மரியா வருகிற பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படித்தால் நாவல் இன்னும் விறுவிறுப்பாக இருக்கும் என்பது என் கட்சி.

பழைய சாப்பர் — பிப்ரவரி 2, இரவு 11.40

இருந்தவன்தான். மதராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படை. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி முடித்து, அப்புறம் மலை, பனி, பாலைவனம் என்று அலைந்தவன். பாலம் கட்டுவதும் எங்கள் வேலை, உடைப்பதும் எங்கள் வேலை.

மரியாவைத் தாண்டினால் உங்கள் திரில்லரும் சேர்ந்து போய்விடும். தளபதி கோல்ஸ் கொடுக்கும் உத்தரவைத் திரும்பப் படியுங்கள். பாலத்தைத் தகர்ப்பது பெரிய விஷயமில்லை, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் தகர்க்க வேண்டும், முன்னாடி தகர்த்தால் எதிரி சரிசெய்து கொள்வான் என்கிறார். ராணுவத்தில் இதற்கு ரிசர்வ்ட் டெமாலிஷன் என்று பெயர். வெடிமருந்து தயார், ஆள் தயார், ஆனால் மேலிடத்து உத்தரவு வராமல் கை வைக்கக் கூடாது. வேலை சில நிமிஷம். காத்திருப்பு நாள் கணக்கு. வேலை செய்கிற சாப்பருக்கு வேறு யோசனையே வராது, காத்திருக்கிற சாப்பருக்கு எல்லாமே வரும். கோல்ஸ் மட்டும் “போனவுடனே வெடித்துவிடு” என்று சொல்லியிருந்தால் ஜோர்டான் அன்று மாலையே முடித்துவிட்டுத் திரும்பியிருப்பான், மரியாவின் முகம்கூட அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது.

பழைய சாப்பர் — பிப்ரவரி 3, காலை 6.20

தூக்கம் வரவில்லை, இன்னொரு விஷயம் எழுதிவிட்டுப் போகிறேன்.

மரியாவுடனான முதல் ராத்திரிக்கு முன்பாகவே, நான்காம் அத்தியாயத்தில், ஜோர்டான் தன் மூட்டையைத் தடவிப் பார்க்கும் ஒரு இடம் வருகிறது. ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் டெட்டனேட்டர்கள், அதாவது பெரிய வெடிமருந்தை வெடிக்க வைக்கிற சின்ன வெடிகள். சின்னச் சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றையும் அதனதன் இரண்டு கம்பியால் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறான். சிறுவயதில் காட்டுப் பறவை முட்டைகள் சேர்த்தபோது எப்படிப் பொதிந்து வைத்தானோ அப்படி என்று எழுதுகிறார் ஹெமிங்வே. நான் முதலில் படித்தபோது இந்த வரியில் நின்றுவிட்டேன். டெட்டனேட்டரை எடுத்த கை எனக்கு உண்டு. கைச்சூடு, ஒரு தட்டு, ஒரு மிதி, இவற்றுக்கெல்லாம் அது கோபித்துக் கொள்ளும். பக்கத்தில் டைனமைட் மூட்டையே கிடந்தாலும் பயம் இந்தச் சின்னக் குழாயைப் பற்றித்தான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் அதைக் கையில் எடுத்தால் குரலே மாறிவிடும். மற்ற நேரமெல்லாம் கெட்ட வார்த்தையில்லாமல் வாக்கியம் முடிக்காத மனிதர், அதை எடுத்துவிட்டால் “மெதுவா, மெதுவாப்பா” என்று கெஞ்சுவார்.

அதனால் ஜோர்டானை உணர்ச்சி இல்லாதவன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிற மென்மை முழுவதையும் அந்தச் சுருட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறான். இந்த நாவலில் அவனுடைய அழுத்தம் காதலால் உடைகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எதுவும் உடையவில்லை. பெட்டிக்குக் கொடுத்த கவனத்தை ஒரு ஆளுக்குக் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

பழைய சாப்பர் — பிப்ரவரி 3, மதியம் 1.05

படுக்கைப் பையில் இரண்டு பேர் எப்படி என்று கேட்ட நண்பருக்கு: எங்களுக்குக் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் ஒரு ஆளே பனியன் ஸ்வெட்டரோடு திரும்பிப் படுக்க முடியாது. ஜோர்டானுடையது சொந்தக் காசில் வாங்கிய நல்ல சரக்கு. மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.

பழைய சாப்பர் — பிப்ரவரி 4, இரவு 9.30

அவன் ஏன் அப்படி மூடிக்கொண்டான் என்று பொடிநடை கேட்டிருக்கிறார். நாவல் அதை ஒரே இடத்தில் சொல்வதில்லை, துண்டு துண்டாக விடுகிறது.

முதல் துண்டு காஷ்கின். ஜோர்டானுக்கு முன்னால் இதே கூட்டத்தோடு வேலை செய்த வெடிமருந்துக்காரன், ரயிலைக் கவிழ்த்தவன். மரியாவை மீட்டது அந்த ரயிலிலிருந்துதான். காஷ்கினுக்கு என்ன ஆயிற்று என்று இவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஜோர்டான் பட்டும் படாமலும் பதில் சொல்கிறான். பிறகுதான் வருகிறது: காயம்பட்டு நகர முடியாமல் கிடந்த காஷ்கினை, அவன் கேட்டுக்கொண்டபடி, சுட்டது ஜோர்டான். இதை ஏதோ ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இப்படிப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும். பெரிய விஷயத்தைச் சின்னக் குரலில் சொல்வார்கள், அடுத்த கேள்வி வருவதற்குள் டீ வாங்கப் போய்விடுவார்கள்.

இரண்டாவது அப்பா. தாத்தாவின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கியால் அப்பா தன்னைச் சுட்டுக்கொண்டவர். அந்தத் துப்பாக்கியைப் பிறகு ஜோர்டான் ஏரியில் போட்டுவிடுகிறான். ஹெமிங்வேயின் அப்பாவும் 1928-ல் அப்படித்தான் போனார், அதுவும் தாத்தாவின் பழைய ரிவால்வர்தான். இதற்கு மேல் விளக்கம் வேண்டாமே.

கெரில்லாத் தலைவன் பாப்லோவின் மனைவி பிலார் ஜோர்டான் கையைப் பிடித்து ரேகை பார்க்கிறாளே, முதல் நாளே, பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுகிறாளே, அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இவன் பிழைக்கப் போவதில்லை என்று பிலாருக்குத் தெரிந்துவிட்டது. பாசிஸ்ட்டுகள் பெற்றோரைச் சுட்டுக் கொன்று, தலையை மழித்து, பலாத்காரம் செய்து விட்ட பெண் மரியா. அவளைத் தேற்றி எடுத்தவள் பிலார். மரியாவுக்கு இவனை விட்டால் ஆளில்லை, இவனுக்கோ நாளில்லை. அதனால் பிலார்தான் அவசரப்படுத்துகிறாள். தூங்காநகரான், ‘முதல் ராத்திரியே எப்படி’ என்ற உங்கள் கேள்விக்கு நாவலுக்குள்ளேயே இருக்கிற பதில் இதுதான். நம் ஊரில் ஒரு அத்தை பார்த்து முடித்து வைக்கும் சம்பந்தத்தில்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

பழைய சாப்பர் — பிப்ரவரி 6, இரவு 11.15

இது நீளும். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மே மாதக் கடைசியில் பனி பெய்து விடுகிறது. காவலுக்கு நிற்க வேண்டிய ரஃபேல் முயல் பிடிக்கப் போய்விட்டான். விடிகாலை, மரியா பக்கத்தில் படுத்திருக்கிறாள், குளம்புச் சத்தம். ஜோர்டான் கண் திறந்து பார்த்தால் குதிரைமேல் ஒரு சிப்பாய், சில கஜ தூரத்தில். படுக்கைப் பைக்குள்ளிருந்தே கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறான். அடுத்த நிமிஷம் அவளை அங்கிருந்து விரட்டிவிட்டு இயந்திரத் துப்பாக்கியை எங்கே வைப்பது என்று இறங்கிவிடுகிறான். அவள் அன்பாக ஏதோ சொல்ல வருகிறாள், இதையும் அதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்கிற மாதிரி வெட்டிவிடுகிறான். இதைப் படித்து “என்ன மனுஷன் இவன்” என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் செய்தான்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம், 26-ஆம் அத்தியாயம். செத்தவன் பையிலிருந்த காகிதங்களைப் பார்க்கிறான். நவாரா மாகாணத்துத் தஃபாயா என்ற ஊர்க்காரன், 21 வயது, கொல்லர் மகன். தங்கையோ அக்காவோ எழுதிய கடிதம்: அப்பா சுகம், அம்மாவுக்கு வழக்கம்போல முதுகுவலி, நீ பத்திரமாக இரு, ஊரில் இன்னின்ன பையன்கள் செத்துப் போனார்கள். அவன் நெஞ்சில் கட்டியிருந்த திரு இருதயப் படத்தைத் தைத்துக் கொடுத்ததும் அந்தச் சகோதரிதான். இன்னொரு கடிதம் நிச்சயம் செய்த பெண்ணுடையது. அதையும் படிக்கிறான், மீதிக் கடிதங்களைப் படிக்க மனமில்லாமல் பையில் வைத்துக்கொள்கிறான். அப்புறம் தனக்குள் ஒரு வழக்கு நடத்துகிறான்: எத்தனை பேரைக் கொன்றிருக்கிறாய், அதில் எத்தனை பேர் நிஜமான பாசிஸ்ட்டுகள், உனக்கு என்ன உரிமை இருக்கிறது. வாதியும் அவனே, பிரதிவாதியும் அவனே.

இந்த வழக்கு அதற்கு முந்தைய நாட்களில் அவனுக்குள் ஓடியிருக்காது என்று நினைக்கிறேன். நாலு வரி படித்து எதிரியின் படைப்பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு தூக்கிப் போட்டிருப்பான். முந்தைய ராத்திரி மரியா இவனுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று பயந்ததைப் பார்த்தவன் என்பதால்தான் அந்த இன்னொரு பெண்ணின் கடிதத்தை அவனால் கீழே வைக்க முடியவில்லை. மரியா பக்கங்களைத் தாண்டிவிட்டு 26-ஐப் படித்துப் பாருங்கள், அது வெறும் உளவுத் தகவல் சேகரிப்பாகிவிடும்.

கடிதம் என்றதும் என் கதை. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்கு எழுதக் கூடாது. முகவரி எப்போதும் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலையம்தான், இமயமலையில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் அதே. பனி விழுந்து பாதை மூடினால் கடிதங்கள் வராது, பாதை திறந்ததும் மூட்டையாக வந்து விழும். நான் எழுதிய இன்லாண்டு கடிதங்களை என் வீட்டம்மா ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே ஒன்றுதான்: நான் நலம், பணம் அனுப்பினேன், குளிர் அதிகம், பிள்ளைகளைப் படிக்கச் சொல். கொட்டகையில் ஒட்டுகிற அறிவிப்பு தேவலாம். “கையெழுத்து மட்டும்தான் உங்களுது, மிச்சமெல்லாம் கவர்மெண்ட்டு” என்றாள்.

எழுத வரவில்லை என்பதில்லை. எழுத உட்கார்ந்தால் வீடு கண்முன் வரும், வீடு வந்தால் மறுநாள் கண்ணிவெடி தேடுகிற கை கொஞ்சம் தயங்கும். அதனால் சுருக்கமாக எழுதி மூடிவிடுவேன். ஜோர்டான் ‘இப்போது யோசிக்காதே’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே இருக்கிறானே, அது வீரம் இல்லை, வேலை நடப்பதற்கான ஏற்பாடு. கஷ்டம் என்னவென்றால் வேலை முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு கழல மாட்டேன் என்கிறது. ஊருக்கு வந்து பல மாதம் நான் வீட்டில் யாரும் பின்பக்கமாக வந்தால் திரும்பி முறைப்பேன். பேத்தி பிறந்த பிறகுதான் அது விட்டது. அவள் எப்போதுமே பின்பக்கமாகத்தான் வருவாள்.

பழைய சாப்பர் — பிப்ரவரி 7, மாலை 5.50

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு “ஐயா மரியாவின் வக்கீல்” என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். இல்லை. மரியா பாத்திரம் எனக்கும் குறைதான். அவள் பேசுவதில் பாதி “நீ சொன்னபடி செய்கிறேன்” ரகம். அவளுக்கென்று ஒரு பிடிவாதம், ஒரு சள்ளை, ஒரு கோணல் வேண்டாமா? பக்கத்திலேயே பிலார் நிற்கிறாள், மூன்று பேருக்கு வேண்டிய உயிர் அவளுக்கு இருக்கிறது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கால் பங்கை மரியாவுக்குக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. இந்த அழுத்தக்காரன் முதலில் மனம் நிறைந்து சந்தோஷப்படும் இடங்களில் ஒன்று, கிழவன் அன்செல்மோவைப் பனியில் கண்டுபிடிக்கும் இடம். சாலையைக் கவனி, போகிற வண்டிகளைக் கோடு போட்டுக் குறித்து வை, நான் சொல்லும் வரை அந்த இடத்தை விட்டு நகராதே என்று சொல்லியிருந்தான். பனிப்புயல் வந்துவிட்டது. யாராக இருந்தாலும் குகைக்கு ஓடியிருப்பார்கள். கிழவன் நடுங்கிக்கொண்டு மரத்தடியிலேயே நிற்கிறான், கையில் அந்தக் கோடு போட்ட தாள். ஜோர்டானுக்கு வருகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அதை மரியா அத்தியாயங்களில் பல இடங்களில் நான் பார்க்கவில்லை. சொன்ன இடத்தில் நிற்கிற ஆள் கிடைப்பது பட்டாளத்தில் சொத்து கிடைப்பது மாதிரி. ரஃபேல் முயலுக்காகக் காவலை விட்டுப் போவதை அடுத்த காலையே வைத்திருக்கிறாரே ஹெமிங்வே, அது சும்மா வைத்ததில்லை.

சரி, அதனால் காதல் கதை அன்செல்மோவுடையது, மரியாவுடையதல்ல என்று சொல்லலாமா? நேற்று நான் 26-ஆம் அத்தியாயம் பற்றி எழுதியதோடு அது மோதும். இரண்டும் இருக்கட்டும். மனுஷன் ஒரு கதவைத் திறந்து வைத்தால் ஒரே ஆள்தான் உள்ளே வர வேண்டுமா என்ன.

பழைய சாப்பர் — பிப்ரவரி 8, காலை 7.10

“முழுக்கக் கற்பனை, அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை” என்று எழுதியவருக்கு: நடந்தது. 1937 மே 31-ல் குடியரசுப் படைகள் செகோவியாவை நோக்கித் தொடங்கின, லா கிராங்கா பக்கம். வடக்கே பில்பாவோ நகர் மேல் இருந்த அழுத்தத்தைத் திசை திருப்புவது நோக்கம். சில நாளிலேயே தோற்றது. கோல்ஸ் பாத்திரத்துக்கு மாதிரி, ‘வால்ட்டர்’ என்ற பெயரில் அங்கே தளபதியாக இருந்த போலந்துக்காரர் ஸ்வியெர்சேவ்ஸ்கி. கார்கோவ் என்று வருபவர் சோவியத் பத்திரிகை பிராவ்தாவின் நிருபர் மிகயில் கோல்த்சோவ், அவரை 1940-ல் ஸ்டாலின் ஆட்சியே சுட்டுக் கொன்றது. ஆந்த்ரே மார்ட்டி சொந்தப் பெயரிலேயே வருகிறார், வெளிநாட்டுத் தொண்டர்கள் சேர்ந்த சர்வதேசப் படையணிகளின் தளத்தை அல்பாசெத்தேயில் நடத்தியவர், நாவலில் யாரைப் பார்த்தாலும் ஒற்றன் என்று சந்தேகப்படுகிற கிறுக்கர். பாலம்தான் கற்பனை.

திரில்லர் வேண்டும் என்கிறவர்களுக்கு என்னைக் கேட்டால் பாலத்தை விடக் கெரில்லாக் கூட்டத்து ஆந்த்ரெஸின் பயணம்தான் உச்சம். எதிரிக்குத் தாக்குதல் பற்றித் தெரிந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று ஜோர்டான் கோல்ஸுக்கு எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் போகிறான். எதிரி தடுக்கவில்லை, சொந்த ஆட்கள்தான் ஒவ்வொரு சாவடியிலும் தடுக்கிறார்கள். ஒரு இடத்தில் முத்திரை கேட்கிறார்கள், இன்னொரு இடத்தில் அதிகாரி தூங்குகிறார், கடைசியில் மார்ட்டி கைது செய்துவிடுகிறார். ஒரு விடுப்பு விண்ணப்பம் நாலு மேஜை தாண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது போர் நாவலே இல்லை, சுயசரிதை.

பழைய சாப்பர் — பிப்ரவரி 8, இரவு 8.40

விருது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 1941 புலிட்சர் இதற்குத்தான் வந்திருக்க வேண்டும், கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் நிக்கோலஸ் மர்ரே பட்லர் மறுத்ததால் அந்த வருஷம் நாவலுக்குப் பரிசே கொடுக்கவில்லை. சமர்ப்பணம் மார்த்தா கெல்ஹார்னுக்கு. ஹெமிங்வேக்கும் அவருக்கும் 1940-ல் கல்யாணம், 1945-ல் விவாகரத்து. நாவலின் காதலுக்குக் கிடைத்த ஆயுளோடு ஒப்பிட்டால் ஐந்து வருஷம் ஏராளம். 1943 படத்தில் கேரி கூப்பர், இங்கிரிட் பெர்க்மன் இருந்தும் ஆஸ்கர் பிலாராக நடித்த கத்தீனா பக்ஸினூவுக்குத்தான் போனது. நான் நேற்றுச் சொன்னதற்கு ஒரு சாட்சி.

பழைய சாப்பர் — பிப்ரவரி 10, இரவு 10.25

கடைசியாகப் பாலம். தூங்காநகரான் சொன்ன அந்தத் துரோகி பாப்லோ, ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையை அறுத்து, அமுக்கி வெடிக்க வைக்கிற கருவியான எக்ஸ்ப்ளோடரையும் டெட்டனேட்டர்களையும் திருடி ஆற்றுப் பள்ளத்தில் எறிந்துவிடுகிறான், அந்தச் சுருட்டுப் பெட்டி உட்பட. காலையில் மனம் மாறி ஐந்து ஆட்களோடும் குதிரைகளோடும் திரும்பி வருகிறான், ஆனால் பொருள் போனது போனதுதான். டெட்டனேட்டருக்குப் பதில் கையெறி குண்டைக் கட்டி, கம்பியை இழுத்து வெடிக்க வைக்கிறான் ஜோர்டான். இது நடக்குமா என்று சாப்பர் என்ற முறையில் கேட்டால், நடக்கும், ஆனால் எந்த அதிகாரியும் ஒப்புதல் கொடுக்க மாட்டார். முக்கியமான வித்தியாசம் தூரம். எக்ஸ்ப்ளோடர் இருந்தால் நீளமான கம்பி விட்டு மறைவில் இருந்து அமுக்கலாம். கம்பியை இழுக்க வேண்டுமென்றால் கிட்டே நிற்க வேண்டும். அன்செல்மோ கிட்டேதான் நின்றான், சாலையோரத்து வெள்ளைக் கல்லுக்குப் பின்னால். பாலத்தின் இரும்புத் துண்டு ஒன்று வந்து கிழவன் முடிந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் காவல்காரனைச் சுட்டுவிட்டு அழுதுகொண்டே பாலத்தைத் தாண்டி வந்தவன்.

அந்த இடத்தில் ஜோர்டானுக்கு வருகிற ஆத்திரம் பாப்லோ மேல், எல்லார் மேலும், தன் மேலும். முதல் அத்தியாயத்து ஜோர்டான் இதை ஒரு சேதக் கணக்காக எழுதி மூடியிருப்பான். இப்போது அவனால் மூட முடியவில்லை, ஆனாலும் எழுந்து போய் மிச்ச வேலையைப் பார்க்கிறான். தூங்காநகரான், ‘இறுகிய மனிதன் இளகுகிறான்’ என்ற வகையில் எழுதுகிற மற்ற ராணுவக் கதைகளில் ஆள் இளகியதும் வேலையில் கோட்டை விடுவான், இல்லையென்றால் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு வசனம் பேசுவான். இவன் கடைசி வரை வேலைக்காரன். கால் முறிந்து கிடக்கும்போதுகூட மரியாவைப் போகச் சொல்லிப் பேசுகிற பேச்சில் கச்சிதமான ஒரு திட்டம் இருக்கிறது, அவள் கிளம்ப வேண்டும், அதற்கு எதைச் சொன்னால் கிளம்புவாள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறான். டெட்டனேட்டரைச் சுற்றிய அதே கை.

முடிவைச் சொல்லிவிட்டேன் என்று திட்ட வருகிறவர்களுக்கு, புத்தகம் வந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் அவசரப்படவில்லை.

தூங்காநகரான், மறுபடி படிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். மரியா பக்கங்களைத் தாண்டுவது இன்னமும் உங்கள் இஷ்டம். 26-ஐயும், ஆந்த்ரெஸ் மார்ட்டியிடம் மாட்டும் 42-ஐயும் தாண்டாதீர்கள். 27-ல் இன்னொரு கெரில்லாத் தலைவன் எல் சோர்தோவின் கூட்டம் குன்றின் மேல் மாட்டிக்கொள்ளும் அத்தியாயத்தை மட்டும் ராத்திரியில் ஆரம்பிக்க வேண்டாம், மறுநாள் ஆபீஸ் இருந்தால்.